முப்பத்தொன்றாம் பக்கத்தில் விடுபட்டது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து உருவாக்கவில்லை. ஒரு அறிக்கைக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்றுவிட்ட கதை இது.

அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கூட்டம் நடக்கும், நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்பேன். பிறகு அந்த அறையில் யாருக்கும் யார்மீதும் கோபமே வராதது போன்ற ஒரு நடையில் எழுதிக் கொடுப்பேன். அப்படித்தான் மீன்வளத் துறையின் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: "பங்குதாரர்களின் நடைமுறை அறிவு முடிவெடுப்பில் உரிய முறையில் கருத்தில் கொள்ளப்பட்டது."

அந்த வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அன்றைக்கு அங்கே நடந்தது என்ன, நான் எழுதியது என்ன. ஒரு மனிதர் மூன்று வருஷமாகத் தன் தங்கை புருஷனோடு பேசாமல் இருந்ததும், அந்தப் பிற்பகலில் பேசியதும் அந்த முற்றுப்புள்ளிக்கு அடியில் போய்விட்டன. அதைத் தோண்டி எடுக்கத்தான் இது.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முயன்றேன்.

கடல் ஒரு தாயைப் போல

நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் வரும் யாரும் கடலைத் தாய் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னிக்குத் தண்ணி சரியில்ல" என்றுதான் சொன்னார்கள்.

விடியலின் பொன்னொளியில் அந்தப் படகு மெல்ல அசைந்தாடியபடி

இதையும் விட்டுவிட்டேன். அந்தப் படகை நான் பார்த்தது பகல் பதினொரு மணிக்கு, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தபோது.

மூன்றாவதாக ரேடியோவிடமிருந்து தொடங்குகிறேன். ரேடியோ ஒரு ஆள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். ஊரில் அவரை வேறு பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுதியதை ரேடியோவிடமும் அவருடைய தங்கையிடமும் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் திருத்தினார்கள். சில திருத்தங்களை அப்படியே அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி மீனின் பெயரை மாற்றியிருக்கிறேன். கரையில் அடையாளம் வைத்த கட்டடங்களையும் மாற்றியிருக்கிறேன். எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்று என்னிடம் கேட்கவேண்டாம்.)

3

கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தை அவர்கள் பார் என்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரேடியோவும் அவருடைய தங்கை புருஷனும் ஒரே படகில் போய்க்கொண்டிருந்தபோது அப்படி ஒரு பாரைக் கண்டுபிடித்தார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது கரையில் தண்ணீர்த் தொட்டியும் புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வரும் ஒரு கோடு, அதுதான் இடத்துக்கு அடையாளம். (தண்ணீர்த் தொட்டி அல்ல. புகைபோக்கியும் அல்ல.) ஈயக்குண்டை இறக்கினால் உடைந்த சிப்பி ஒட்டிக்கொண்டு வரும். வருஷத்தில் சில வாரம் மட்டும் களவா மீன் எங்கெங்கிருந்தோ வந்து அங்கே கூடும். அந்த வாரங்களில் மற்றவர்கள் பத்து நாளில் பிடிப்பதை இவர்கள் ஒரே நாளில் பிடித்தார்கள்.

"மச்சான், இதைச் செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றார் மாப்பிள்ளை.

"ம்," என்றார் ரேடியோ. அன்றைய ஒன்பதில் ஒன்று.

எட்டு வருஷம் அப்படியே போனது. ஒரு நாள் பாருக்குப் போனால் அங்கே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் மிதந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி, நங்கூரக் கல் போட்டு, யாரோ அடையாளம் வைத்திருந்தார்கள். ரேடியோ எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தக் கேனையே பார்த்தார். இந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். தான் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது ஒருவர்தான், அவர் படகின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார்.

"யார்கிட்ட சொன்ன?"

"நான் சொல்லல மச்சான்."

"வாயில பூட்டு இல்லாதவனை நம்பினேன் பாரு."

கரைக்கு வரும்வரை பேச்சில்லை. வந்த பிறகும் இல்லை. மாப்பிள்ளை மறுநாளிலிருந்து வேறு படகில் போனார். சொல்லவில்லை என்று அந்த ஒரு தடவைதான் சொன்னார். நிரூபிக்க வழியில்லாததைத் திரும்பத் திரும்பச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்போல. தங்கைதான் இரண்டு வீட்டுக்கும் நடந்து கால் தேய்ந்தாள். அண்ணன் வீட்டில் புருஷனைப் பற்றிப் பேசக்கூடாது, புருஷனிடம் அண்ணனைப் பற்றிப் பேசக்கூடாது. "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வானிலை மட்டும்தான் பேசினேன் சார்," என்று என்னிடம் சொன்னாள். "மூணு வருஷம் வானிலை."

4

இப்போது கூட்டம்.

களவா குறைந்துகொண்டே வருகிறது என்று துறைக்குத் தெரிந்திருந்தது. ஆராய்ச்சிப் படகு வந்து பார்த்துவிட்டுப் போனது. கடல் வரைபடத்தில் ஒரு சதுரம் போட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் இரண்டு மாதம் யாரும் மீன் பிடிக்கக்கூடாது, மீன் முட்டை போடட்டும் என்று திட்டம். கருத்துக் கேட்பதற்காகக் கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறி, அடிக்கடி கீச்சிடும் ஒரு மைக். மறுவாரமே உத்தரவு வெளியாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

நடத்தியவர் ஒரு பெண் அதிகாரி. மாற்றலாகி வந்து நான்கு மாதம்.

(முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் வில்லியாக எழுதியிருந்தேன். எதையும் கேட்காமல் கோப்பைப் புரட்டுகிறவராக, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவராக. தங்கை பாதியிலேயே நிறுத்தினாள். "அந்தம்மாவை ஏன் சார் இப்படி எழுதியிருக்கீங்க? அவங்க காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேதானே இருந்தாங்க?" உண்மைதான். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே என்ற என் பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.)

பெட்டியை வரைபடத்தில் காட்டியதும் கூடத்தில் சலசலப்பு. அது இறால் பிடிக்கிற இடம். சின்னப் படகுக்காரர்கள் பன்னிரண்டு பேர் அந்த இரண்டு மாதம் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"மேடம், அங்க களவா முட்டை போடாது," என்றார் ஒருவர்.

"சத்தியமா போடாது," என்றார் இன்னொருவர்.

அதிகாரி தலையசைத்தார். "சரி. அப்ப எங்க போடுது?"

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் செருப்பைக் கழற்றி மாட்டினார். ரேடியோவும் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. தெரியாததால் பேசாமலிருப்பது வேறு, தெரிந்தும் பேசாமலிருப்பது வேறு என்பது அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது.

அறிக்கை எழுதுகிறவனாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மக்களின் அனுபவ அறிவைத் திரட்ட வேண்டும் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல, கேட்டால் வந்துவிடும் என்ற நினைப்பில் எழுதியவை அவை. தூண்டில்காரனுக்கு இடம் தெரிவதுதான் சொத்து. அதைச் சபையில் சொன்னால் மறுநாள் அங்கே நாற்பது படகு நிற்கும். சொல்லாவிட்டால் தப்பான இடத்தில் பெட்டி விழும், பக்கத்து வீட்டுக்காரன் அடுப்பு அணையும். இந்தச் சங்கடத்தைப் போட எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

அப்போது பின்வரிசையிலிருந்து தங்கை எழுந்தாள். துறைமுகக் கொட்டகையில் மீன் வெட்டுகிற பெண்களின் சார்பில் வந்திருந்தாள்.

"மேடம், மூடுறது எந்த ரெண்டு மாசம்?"

அதிகாரி சொன்னார்.

"அப்ப வயிறு காலியா இருக்குமே. முட்டை அதுக்கு முந்தின மாசமே நிறைஞ்சிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டுறது நாங்கதானே."

இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். "வேற என்ன பார்த்திருக்கீங்க?"

தங்கை கையை நீட்டினாள். "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப களவாவோட முட்டைப் பை இம்புட்டு இருக்கும்." முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை காட்டினாள். "இப்ப இவ்வளவுதான்." உள்ளங்கையை விரித்தாள். "போன வருஷம் அதுலயும் பாதி."

ரேடியோ அந்த உள்ளங்கையைப் பார்த்தார். அவர் பிடித்துக் கரையில் போட்ட மீனைத்தான் அவள் வெட்டுகிறாள். வருகிற மீனின் எண்ணிக்கை குறைவது அவருக்குத் தெரியும். உள்ளே இருப்பது இவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை அவர் பார்த்ததே இல்லை. மூன்று வருஷமாக வானிலையைத் தவிர வேறெதையும் பேசவிடாமல் அவளை வைத்திருந்தால் எப்படித் தெரியும்.

5

சாப்பாட்டு இடைவேளையில் அதிகாரி என்னிடம் வந்தார். "இவங்களுக்குத் தெரியும். ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் சொல்லமாட்டாங்க. உங்க அறிக்கைக்கு மேல ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் போடுவீங்களே, அது எங்க கிடைக்கும்?"

எதிரே ஜெராக்ஸ் கடை இருந்தது. நான்தான் போய் வாங்கி வந்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பிற்பகலில் அவர் ஏற்பாட்டை விளக்கினார். சாமான் அறையில் மேசைமேல் வரைபடம் ஒட்டியிருக்கும். தூண்டில்காரர்கள் ஒன்பது பேரும் ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தாளை மூலைக்கு மூலை பொருத்தி வைத்து, களவா கூடுகிற இடம் தெரிந்தால் ஒரு புள்ளி. பெயர் வேண்டாம். தாளைக் குப்புற வைத்துவிட்டு வரவேண்டியது.

"உத்தரவுல சரியான இடத்தைப் போடமாட்டேன்," என்றார். "பெட்டியைப் பெருசா போடுவேன். உள்ள எது இடம்னு வெளியாளுக்குத் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு."

ரேடியோ நான்காவதாகப் போனார். அறையில் பழைய நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சுவரில் போன வருஷத்து நாட்காட்டி. மேசைமேல் பேனா. தாளைப் பொருத்தினார். வரைபடத்தில் அவர் வீடு இருக்கும் கரை ஒரு சின்ன வளைவாக இருந்தது. அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய், கண்ணை மூடித் தொட்டியையும் புகைபோக்கியையும் ஒட்டவைத்தார். விரல் சரியான இடத்தில் நின்றது.

அந்தக் கணத்தில் இறந்துபோன தன் தந்தையின் முகம் அவருக்கு

(ரேடியோ: "அப்பா ஞாபகம் எல்லாம் வரல சார். பேனா எழுதல. உதறினேன்.")

பேனா எழுதவில்லை. உதறினார். வேறு இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போகலாம் என்ற நினைப்பும் உதறுகிற நேரத்தில் வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது. தங்கையின் உள்ளங்கை கண்முன்னால் வந்து நின்றது. சரியான இடத்திலேயே அழுத்தி வைத்தார். பதினோரு வருஷத்துச் சொத்து ஒரு மிளகு அளவுக்குத் தாளில் உட்கார்ந்தது. வெளியே வந்தார். எதையோ தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரைப்போல நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

6

ஒன்பது தாளும் வந்தன. அதிகாரி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அடியில் வரைபடத்தையும் சேர்த்து, கூடத்தின் பெரிய ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெயில் பின்னாலிருந்து வந்தது.

கடலில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. கொஞ்சம் பருத்த புள்ளி.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக் காட்டினார். ஏழு தாளில் புள்ளி அதே இடத்தில் இருந்தது. எட்டாவது தாளின் புள்ளி கரைக்குமேல், ஏறக்குறைய இந்தச் சங்கக் கட்டடத்தின் கூரைமேல் விழுந்திருந்தது. "கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்," என்றார் முன்வரிசைப் பெரியவர்.

முதலில் சிரித்தது தொப்பிக்காரர். தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று பேர் வாங்கியவர். அவர் சிரிப்பு அடங்குவதற்குள் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள்.

"நீ எப்பப்பா போவ அங்க?"

"விடியக்காலை. நீங்க?"

"மதியத்துக்கு மேல. அதான் உன்னைப் பார்த்ததே இல்ல."

"நான் யாரும் போகாத காத்து நாள்ல போவேன். பெரிய புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டேன்."

ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்த நாளுக்குரிய ஒன்பது வார்த்தையையும் தாண்டிக் கேட்டார்: "மூணு வருஷம் முன்னாடி அங்க ஒரு வெள்ளை கேன் கிடந்துச்சு. அது யாரோடது?"

"என்னோடதுதான்," என்றார் தொப்பிக்காரர். "உங்க படகைப் பார்த்துப் பயந்துபோய் மறுநாளே எடுத்துட்டேன்."

"உங்களுக்கு அந்த இடத்தை யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? தண்ணி நிறம் அங்க வேறயா இருக்குமே. நான் இருபது வருஷமா போறேன்."

ரேடியோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷம். அவர் அந்தப் பாரைக் கண்டுபிடிப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னாலிருந்தே.

அதற்குள் யாரோ கேட்டார்கள். "ஒன்பதாவது தாள் எங்க மேடம்?"

"அதுல ஒண்ணும் இல்ல. வெறும் தாள்."

மறுபடி சிரிப்பு. "இத்தனை வருஷம் தூண்டில் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மகராசன் யாருப்பா அது?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கையைத் தூக்கினார். "என்னோடதுதான். எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்ல."

கூடம் சிரித்தது. பக்கத்திலிருந்தவர் அவர் தோளில் தட்டினார். அவரும் லேசாகச் சிரித்து வைத்தார். தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரேடியோ எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று ஊர் பார்த்ததில்லை. சிரிப்பு தானாக அடங்கியது.

"அவனுக்குத் தெரியும்," என்றார். கனைத்துவிட்டு மறுபடி சொன்னார். "அவனுக்கு நல்லாத் தெரியும். நானும் அவனும் சேர்ந்துதான் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சோம். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னான். சொல்லல. நான்தான் அவனைத் தப்பா பேசிட்டேன். மூணு வருஷம் ஆச்சு. எல்லாரும் இருக்கீங்க, அதான் இங்கயே சொல்லிடறேன்."

உட்கார்ந்துவிட்டார். மைக் கீச்சிட்டது. அதிகாரி அதை அணைத்தார்.

7

முடிவெடுக்க அதன்பிறகு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டி இறால் பகுதியை விட்டு நகர்ந்தது. பாரைச் சுற்றிப் பெரிதாக விழுந்தது. காலம் ஒரு மாதம் முன்னுக்கு வந்தது. அந்தப் பக்கம் வெளிப்படகு வந்தால் முதலில் தகவல் சொல்வது யார் என்று கேட்டபோது ஏழு கைகள் உயர்ந்தன, கொஞ்சம் பொறுத்து எட்டாவதாக மாப்பிள்ளையின் கை. இறால்காரர்கள் பன்னிரண்டு பேரும் டீ குடிக்க வெளியே போனபோது படியிலேயே பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள்.

அதிகாரி காலியான கூடத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். "இன்னிக்குத் திட்டு வாங்கிட்டுப் போறதுக்குத்தான் சார் வந்தேன்," என்றார். கண்ணை மூடி இரண்டு நிமிஷம் அப்படியே இருந்தார்.

ரேடியோவிடம் பிறகு கேட்டேன், இடம் போனதில் வருத்தமில்லையா என்று. "போறதுக்கு அது எப்ப சார் என்னோடதா இருந்துச்சு?" என்றார். அன்று வீட்டுக்குப் போனதும், அந்தி நேரம் என்றும் பாராமல் மூன்று மணி நேரம் தூங்கினாராம். மூன்று வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லையாம்.

8

முடிவுதான் எனக்குச் சிக்கல்.

முதல் முடிவில் இருவரையும் கட்டிப்பிடித்து அழவைத்தேன். தங்கை கேட்டுவிட்டு, "இவங்களா?" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் மூன்று வருஷம் தள்ளிப் போய், களவா பெருகி, முட்டைப் பை மறுபடி முழங்கை நீளம் ஆகிவிட்டதாக எழுதினேன். "அது இன்னும் ஆகலையே சார்," என்றாள். "ஆகலாம். ஆகாமலும் போகலாம். நான் வெட்டிப் பார்த்துச் சொல்றேன், அப்ப எழுதுங்க." அதையும் அடித்துவிட்டேன்.

ஆகவே கூட்டம் முடிந்த பிறகு குழாயடியில் அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று ரேடியோவிடமே கேட்டேன்.

"எஞ்சின் பத்தி," என்றார்.

"எஞ்சின் பத்தியா?"

"டீசல் ஒழுகுது. அவனுக்குத்தான் அது கைவரும்."

நான் கடைசியாக அவர்களைப் பார்த்தது தடைக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். எஞ்சினைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் கருத்து வேறுபாடு. "மச்சான், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோ அதற்கு நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கை வாசலிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வர்றோம்" என்றார்கள். எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள்.

எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. யார் முதலில் எழுந்தார் என்பதை நீங்கள் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.